அப்பா ஏற்றுக்கொள்வார் என்று எழுதிவிட்டேன்

1

போன வாரம் ஊரிலிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. எங்கள் தெருவில் நான்காவது வீட்டு மலர் அக்கா. கணவர் இறந்து ஆறு மாதம் ஆகிறது, உதவித்தொகைக்கு மனுப் போட வேண்டுமாம்.

"நீ எழுதுனாத்தான்டி ஆபீஸ்ல எடுத்துப் பாப்பாக. போன்லயே எழுதி அனுப்பு. இங்கன பிரிண்டு போட்டுக்கிறேன். உனக்கென்ன, ஒரு டீ குடிக்கிற நேரந்தான ஆகும்."

அனுமந்தன்பட்டியில் எங்கள் தெருவுக்கு மனு எழுதுகிறவள் நான். ஏழாம் வகுப்பில் தொடங்கியது. அண்ணன் எட்டாவதோடு ஜீப்பில் கிளீனராக ஏறிவிட்டான். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் தெரியும். பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் எங்கள் வீட்டில் நான்தான். அதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. ரேஷன் கார்டு, பட்டா மாறுதல், குடிநீர்க் குழாய் எல்லாவற்றுக்கும் என் கையெழுத்தில் தாள்கள் உத்தமபாளையம் தாலுகா ஆபீசுக்குப் போயிருக்கின்றன. பல காரியங்கள் நடந்தும் இருக்கின்றன.

இப்போது இங்கிலாந்தின் வடக்கே ஒரு ஊரில், மருத்துவமனை ஆய்வகத்தில் ரத்தம் பரிசோதிக்கிறேன். மலர் அக்காவின் மனுவை எழுத உட்கார்ந்தேன். "ஐயா, வணக்கம்" என்று போட்டேன். அடுத்த வரிக்குக் கை போகவில்லை. மூன்று நாள் கழித்து, வேலை அதிகம் என்று அவளிடம் பொய் சொன்னேன்.

நான் கடைசியாக எழுதிய மனு, என் அண்ணனை இந்த நாட்டிலிருந்து அனுப்பிவிடக் கூடாது என்று கேட்டு எழுதியது. அதை எழுதி இரண்டு வருடம் ஆகிறது. அதன் கதையை ஊரில் யாருக்கும் முழுசாகச் சொன்னதில்லை. இதை எங்கள் தெருவிலும் படிப்பார்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

2

அண்ணன் பெயர் சுருளிவேல். கம்பம்மெட்டு மலைப்பாதையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பைப் பதினோரு வருடம் ஓட்டியவன். ஒருநாள் தோட்டத்தில் மயங்கி விழுந்த ஒரு பெண்ணைக் குமுளியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அங்கே நர்சாக இருந்த ஜான்சியைப் பார்த்தான். அவர்தான் என் மதினி. குமுளி சர்ச்சில் கல்யாணம். மதினிக்கு இங்கே வேலை கிடைத்தபோது அவனும் கூட வந்தான். இருவருக்கும் நிரந்தரமாகத் தங்க அனுமதி கிடைத்தது. அண்ணன் டெலிவரி வேன் ஓட்டினான். நான் மேற்படிப்புக்கு வந்து, அவர்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி அறை எடுத்தேன்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு சாயங்காலம், கையிலிருந்த டெலிவரி போனைப் பார்த்தபடி ஓட்டி, சைக்கிளில் போன ஒரு பெண்மணியை இடித்துவிட்டான். இடித்தவன் நிற்கவில்லை.

இதை இங்கே யாருக்கும் என்னால் விளங்கவைக்க முடியவில்லை. உங்களுக்கு விளங்கும். நம் பக்கம் ஜீப் ஓட்டுகிறவனுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பது அது. ஆள் மேல் பட்டுவிட்டால் நிற்காதே, கூட்டம் அடித்தே கொன்றுவிடும், நேராக ஸ்டேஷனில் போய் நில். அடிபட்டவரைத் தூக்க ஆள் இருப்பார்கள். அண்ணன் அதைத்தான் செய்தான். ஆனால் ஸ்டேஷனில் பேசுவதற்கு அவனிடம் ஆங்கிலம் இல்லை. அதனால் என்னைக் கூட்டிப்போக மருத்துவமனைக்கு வந்தான். என் ஷிப்ட் முடிய இரண்டு மணி நேரம் இருந்தது. என் போன் உள்ளே லாக்கரில் கிடந்தது. வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்தே இருந்திருக்கிறான்.

அந்தப் பெண்மணியை ஏற்றிவந்த ஆம்புலன்ஸ் அவன் வண்டியைத் தாண்டித்தான் உள்ளே போயிருக்கும். அன்று அவசரப் பிரிவிலிருந்து எனக்கு வந்த ரத்தக் குப்பிகளில் ஒன்று அவருடையதாக இருந்திருக்கலாம். நான் பெயர் பார்ப்பதில்லை. எண்தான் பார்ப்பேன்.

வெளியே வந்ததும் அண்ணன் சொன்ன முதல் வார்த்தை, "வா பாப்பா, ஸ்டேஷன் போவோம். நான் ஓடல. உனக்காகத்தான் ஒக்காந்திருந்தேன்."

கோர்ட்டில் அதை நம்பவில்லை. நம்பியிருந்தாலும் மாறியிருக்காது. அந்தப் பெண்மணிக்கு இடுப்பும் காலும் முறிந்திருந்தன. ஒரு பெண்ணை ரோட்டில் போட்டுவிட்டுப் போனாய் என்றார் நீதிபதி. பதினெட்டு மாதம் சிறை.

3

தண்டனையில் பாதி கூட முடியவில்லை, உள்துறையிலிருந்து அவனுக்கு ஒரு கடிதம் வந்தது. ஒரு வருடமோ அதற்கு மேலோ தண்டனை பெற்ற வெளிநாட்டுக்காரரைத் தண்டனை முடிந்ததும் அவர் நாட்டுக்கு அனுப்புவது சட்டம். உன்னை ஏன் அனுப்பக் கூடாது என்பதை இருபது வேலை நாளுக்குள் எழுது.

அண்ணன் சிறையிலிருந்து போனில் எழுத்தெழுத்தாக வாசித்தான். தண்டனை முடிந்தால் வீட்டுக்கு வருவான் என்றுதான் நாங்கள் நாளை எண்ணிக்கொண்டிருந்தோம். ஒரு குற்றத்துக்கு இரண்டு தண்டனையா, முதல் தண்டனையைக் கொடுத்தவருக்கு இரண்டாவது தெரியுமா, எதுவும் புரியவில்லை.

மதினி, "ஒரு வக்கீலைப் பார்க்கலாம்" என்றார்.

நான், "எதுக்கு மதினி? நான் எழுதுறேன்" என்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க எழுதினேன். ஆங்கிலத்தில்தான். ஆனால் எலும்பு தாலுகா ஆபீஸ் மனுவின் எலும்பு. நம் பக்கம் ஒருவனை ஸ்டேஷனிலிருந்து விடச் சொல்லி எழுதினால் என்ன எழுதுவோம்? அவன் அநாதை இல்லை, கேட்க ஆள் இருக்கிறது என்று காட்டுவோம். மரியாதையான குடும்பம், சொந்த வீடு, நிலம், பெற்றவர் பொறுப்பேற்கிறார். அந்த வரிகள் இல்லாத மனுவை நான் எழுதியதே இல்லை. இங்கும் எழுதினேன். தலைமுறையாக விவசாயம் செய்யும் மரியாதையான குடும்பம். சொந்த வீடு. ஒன்றரை ஏக்கர் திராட்சைத் தோட்டம். எங்கள் தந்தை இவரை அன்போடு ஏற்று நல்வழிப்படுத்தக் காத்திருக்கிறார்.

கடைசி வரி பொய்.

குமுளிக் கல்யாணம் முடிந்த மறுநாள் அப்பா முல்லையாற்றில் இறங்கி அண்ணனைத் தலை முழுகிவிட்டார். செத்தவனுக்குச் செய்வது போல. அதன் பிறகு அவன் பெயர் எங்கள் வீட்டில் இல்லை. அம்மா இறந்தபோதும் அவன் வரக்கூடாது என்றுவிட்டார். நான் இங்கிருந்து பேசும்போது, "அங்கன எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்பார். அந்த 'எல்லாரும்' யார் என்று நானும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

இதையெல்லாம் போய் ஒரு ஆபீசருக்கு எழுதுவார்களா? வீட்டுச் சண்டையை யாராவது மனுவில் எழுதுவார்களா? பிரிண்டு எடுத்து, இரண்டு தடவை படித்துப் பார்த்து, பதிவுத் தபாலில் அனுப்பினேன். நன்றாக வந்திருக்கிறது என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

4

பல மாதம் கழித்துப் பதில் வந்தது. அனுப்பத்தான் போகிறோம் என்று முடிவு. பதினான்கு பக்கம். ஆறாவது பக்கத்தில் என் வரிகள். 'உங்கள் சகோதரியின் கடிதத்தின்படி உங்களுக்கு இந்தியாவில் வீடும் நிலமும் இருக்கின்றன. உங்கள் தந்தை உங்களை ஏற்கத் தயாராக இருக்கிறார். எனவே அங்கே வாழ்வதில் உங்களுக்குப் பெரிய தடை எதுவும் இல்லை.'

மேல்முறையீட்டுக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. மதினி தன் ஆஸ்பத்திரியில் யாரிடமோ விசாரித்து, நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் இலவசச் சட்ட உதவி மையத்துக்கு என்னைக் கூட்டிப்போனார். அங்கே இருந்த வக்கீல் மார்சியாவுக்கு ஐம்பது வயது இருக்கும். அவர் அப்பாவும் அம்மாவும் கரீபியன் தீவிலிருந்து வந்தவர்களாம். என் கடிதத்தை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார்.

"இதை எழுதியது யார்?"

"நான்தான்."

"நல்ல ஆங்கிலம்" என்றார். பாராட்டில்லை என்று மட்டும் புரிந்தது. "உள்துறை வக்கீலுக்கு வேலையே வைக்கவில்லை நீ."

பிறகு பொறுமையாகச் சொன்னார். இங்கே கேட்கிற கேள்வி இவன் நல்லவனா, நல்ல குடும்பமா என்பதில்லை. திரும்பிப் போனால் இவனுக்கு அங்கே என்ன இல்லை? இவன் போய்விட்டால் இங்கே குழந்தைக்கு என்ன ஆகும்? இந்த இரண்டுதான். நான் இருக்கிறதைப் பட்டியல் போட்டிருந்தேன். இல்லாததைத்தான் அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பியவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று சொல்கிறேன். இப்படி ஒரு கடிதம் வந்தால் நீங்களாக எதுவும் எழுதாதீர்கள். உங்கள் வீட்டில் படித்த பிள்ளை இருந்தால் அதையும் எழுத விடாதீர்கள். அன்றே சட்ட உதவி எங்கே கிடைக்கும் என்று தேடுங்கள். இந்த மாதிரி வழக்குக்கு அரசாங்கப் பணத்தில் வக்கீல் தானாகக் கிடைப்பதில்லை. அதற்கும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அதையும் மார்சியாதான் செய்தார்.

அண்ணனுக்கு ஒரு மகள், எட்டு வயது, பெயர் நியா. பிறவியிலேயே காது கேட்காது. மதினிக்கு ஷிப்ட் வேலை. அதனால் நியாவோடு வாரம் ஒரு வகுப்புக்குப் போய்ச் சைகை மொழி கற்றவன் அண்ணன். ஆங்கிலத்தில் நாலு வரி பேசத் திணறுகிறவன், அவளோடு கையால் மணிக்கணக்கில் பேசுவான். எனக்கு அந்த மொழி தெரியாது. இருவரும் பேசிச் சிரிக்கும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து போனைப் பார்ப்பேன். இந்தக் குழந்தையைப் பற்றி என் மனுவில் ஒரே ஒரு வரிதான் எழுதியிருந்தேன். காது கேட்காது என்பதை எழுதவில்லை. அதுவும் குறை என்று நினைத்தேன்.

"இவள்தான் வழக்கு" என்றார் மார்சியா. "ஆனால் உன் கடிதத்தையும் சரிசெய்ய வேண்டும். உன் அப்பா இவரை ஒதுக்கிவைத்தது உண்மையா?"

"உண்மை."

"அப்படியென்றால் அதைச் சொல்லி நீ ஒரு வாக்குமூலம் கொடு. முடிந்தால் அப்பாவிடமிருந்தும் இரண்டு வரி வாங்கு."

வாக்குமூலம் கொடுத்தேன். எங்கள் வீட்டு விஷயம் டைப் அடித்து வந்தபோது வேறு யார் வீட்டுக் கதையோ போல இருந்தது. அப்பாவிடம் கேட்பதை மட்டும் தள்ளிப்போட்டேன். இதற்குள் அண்ணன் சிறைக் காலம் முடிந்து, இந்த வழக்கு முடியும்வரை ஜாமீனில் வெளியே வந்துவிட்டான். கணுக்காலில் ஒரு கருப்புப் பட்டை. இத்தனை மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும் என்று அது பார்த்துக்கொண்டிருக்கும். நியா அதன் மேல் ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருந்தாள்.

5

விசாரணைக்கு நாலு நாள் இருக்கும்போது அப்பாவைக் கூப்பிட்டேன். விபத்து, சிறை எல்லாவற்றையும் அன்றுதான் சொன்னேன். அவர் தோட்டத்தில் இருந்தார். பின்னால் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு அதை நிறுத்திவிட்டார்.

"இப்ப என்ன கேக்குறாக?"

"நீங்க அவன மகனே இல்லன்னு தலை முழுகுனது நெசந்தான்னு ஒரு தாள்ல எழுதணும்ப்பா. நான் எழுதி அனுப்புறேன். நீங்க கையெழுத்துப் போட்டாப் போதும்."

"எழுதுனா?"

"அங்க போனா இவனுக்கு யாருமில்லன்னு ஆகும். இங்க இருக்க விடலாம்."

"எழுதாட்டி?"

"அனுப்பிருவாகப்பா."



"அனுப்புனா அனுப்பட்டும்" என்றார். "நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"அப்பா, அவனுக்கு இங்க ஒரு புள்ள இருக்குப்பா."

"எனக்கும் அவன் புள்ளதான ஆத்தா."

இந்த வார்த்தைக்காக அம்மா கடைசிவரை காத்திருந்தாள். நான் எத்தனை தீபாவளிக்கு எதிர்பார்த்திருக்கிறேன். அது இந்த வாரமா வரவேண்டும்? போனைப் பிடித்துக்கொண்டு அழுதேன். சந்தோஷமா பயமா என்று எனக்கே தெரியவில்லை. அப்பா அதற்குள் அடுத்த வேலைக்குப் போய்விட்டார். மச்சு அறையில் உரமூட்டை கிடக்கிறது, எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும், ஒரு கட்டில் சொல்ல வேண்டும் என்று கணக்குப் போட்டார்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. மார்சியாவிடம், "அப்பா எழுதித் தரமாட்டேன் என்கிறார்" என்று மட்டும் சொன்னேன். அது பொய்யில்லை. அண்ணனிடமும் சொல்லவில்லை. சொன்னால் போய்விடுகிறேன் என்பானோ, இங்கேயே இருக்கிறேன் என்பானோ தெரியாது. இரண்டையும் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

6

விசாரணை அறை எங்கள் காலேஜ் வகுப்பறையைவிடச் சின்னது. நீதிபதி, உள்துறைக்காக வாதாட ஒரு இளைஞர், எங்கள் பக்கம் மார்சியா. அண்ணனுக்கு மொழிபெயர்க்க ஒருவர் வந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். அண்ணனுக்கு அவர் தமிழ் பாதிதான் பிடிபட்டது. அவருக்கும் அப்படித்தான். "ஆறுதலாக் கதையுங்கோ" என்று அவர் சொல்ல, அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தான். மெதுவாகப் பேசச் சொல்கிறார் என்று நான் கையைக் காட்டினேன்.

அண்ணன் பேசி முடித்தான். பிறகு மதினி. பிறகு நான். மொழிபெயர்ப்பாளர் வேண்டாம், ஆங்கிலத்திலேயே சொல்கிறேன் என்றேன்.

உள்துறை இளைஞர் என் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"முதல் கடிதத்தில் உங்கள் தந்தை இவரை அன்போடு ஏற்கக் காத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டாவதில் ஒதுக்கிவிட்டதாகச் சொல்கிறீர்கள். இரண்டில் எது பொய்?"

நாலு நாள் முன்புவரை அதற்கு எளிதான பதில் இருந்தது. முதல் தாள் பொய் என்று சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். கேட்டது அவ்வளவுதான். அண்ணன் பின்னால் உட்கார்ந்திருந்தான். நியா அவள் பள்ளியில் இருந்தாள். அப்பா மச்சு அறையில் உரமூட்டையைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"முதல் கடிதம்" என்றேன். "எழுதியபோது அது பொய். இப்போது உண்மையாகிவிட்டது."

மார்சியா எழுதுவதை நிறுத்தினார். நீதிபதி, விளக்கிச் சொல்லுங்கள் என்றார். சொன்னேன். ஆற்றில் தலை முழுகியது, அம்மா சாவு, நாலு நாளுக்கு முந்தைய போன், சுண்ணாம்பு, கட்டில். எனக்குப் பின்னால் அத்தனையும் மெல்லிய குரலில் தமிழாகிக்கொண்டிருந்தது. என் அப்பா அவனை மன்னித்த செய்தி அண்ணனுக்கு யாழ்ப்பாணத் தமிழில் போய்ச் சேர்ந்தது. "உங்கட தகப்பனார் உங்களை வரச் சொல்லுறாராம்."

இடைவேளையில் நடைபாதைக்கு வந்தோம். மார்சியா, "என்னிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். அண்ணன் சுவரோரம் நின்றான். திட்டுவான் என்று நினைத்தேன்.

"அப்பா எப்பச் சொன்னாக?" என்றான்.

"திங்கக்கெழம."

"தோட்டத்துல இருந்தாகளா?"

"ஆமா. மோட்டார நிப்பாட்டிட்டுத்தான் பேசுனாக."

அவ்வளவுதான் கேட்டான்.

7

ஐந்து வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. அண்ணன் இருக்கலாம். இருபத்திரண்டு பக்கத்தில் பெரும்பகுதி நியாவைப் பற்றி. அவள் ஆசிரியை எழுதியது, கையால் பேசும் அப்பா போய்விட்டால் அந்த வீட்டில் அவளுக்கு ஏற்படும் மௌனம். எங்கள் அப்பாவைப் பற்றி இரண்டே வரி. 'தந்தையின் மனமாற்றத்தை ஏற்கிறேன். அது முடிவை மாற்றவில்லை.' நாலு நாள் தூங்காமல் நான் சுமந்தது அந்த இரண்டு வரிதான். அதைப் பலமுறை படித்தேன். நான் உண்மை சொன்னதால் ஏதாவது ஆனதா, சொல்லாமல் இருந்திருந்தால் ஏதாவது ஆகியிருக்குமா என்று இன்றும் தெரியவில்லை.

அப்பாவிடம் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு சனிக்கிழமை அண்ணன் வீட்டில் வைத்து வீடியோவில் கூப்பிட்டேன். அண்ணன் அடுப்படியில் நின்றுகொண்டான். படத்துக்குள் வரமாட்டேன் என்றுவிட்டான்.

அப்பா முதலில் மச்சு அறையைத்தான் காட்டினார். வெள்ளைச் சுவர். புதுக் கட்டில்.

"எப்ப வாரான்?"

"இங்கயே இருக்கலாம்னு சொல்லிட்டாகப்பா. பாஸ்போர்ட்டு இன்னும் ஆபீஸ்லதான் இருக்கு. இப்போதைக்கு வரமுடியாது."

அப்பா கட்டிலைப் பார்த்தார். "நல்லதுதான" என்றார். இன்னொரு தடவையும் சொன்னார். "நல்லதுதான."

அதற்குள் நியா என் மடியில் ஏறிப் போனை எட்டிப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்து இரண்டு கையாலும் எதையோ சொன்னாள்.

"புள்ள என்னத்தா சொல்லுது?"

எனக்குத் தெரியவில்லை. அடுப்படிப் பக்கம் திரும்பி, "அண்ணே, என்ன சொல்றா?" என்றேன். அவன் வாய் திறந்தே ஆக வேண்டியிருந்தது.

"அது யாரு ரூமுன்னு கேக்குறா" என்றான்.

பன்னிரண்டு வருடம் கழித்து அப்பா அந்தக் குரலைக் கேட்கிறார். ஏதாவது பெரிதாகச் சொல்வார் என்று நான் பயந்துகொண்டிருந்தேன்.

"ஏலே" என்றார் அப்பா. "நீ இடிச்ச பொம்பளைக்குக் காலு கூடிருச்சா?"

என் மனு, என் வாக்குமூலம், நான் கூண்டில் சொன்னது எதிலும் அந்தப் பெண்மணியைப் பற்றி ஒரு வரி இல்லை. யாரும் கேட்கவில்லை. நானும் எழுதவில்லை.

அண்ணன் அடுப்படியிலிருந்து வந்து என் பின்னால் நின்றான்.

"கூடிருச்சுப்பா" என்றான். "ஆனா ஒரு காலச் சாச்சுத்தான் நடக்குறாக."